கேள்வி–பதில்: அம்பாசிடருக்குப் புதிய டிஸ்ட்ரிபியூட்டர்

கேள்வி: என் 1978 அம்பாசிடருக்கு இணையத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு ஸ்பார்க் ப்ளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் பாகம்) வாங்கிப் பொருத்தியதும் வண்டி இரண்டு சிலிண்டரில் தள்ளாடுகிறது, கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது. பொருள் மட்டம் என்கிறார் மெக்கானிக். மெக்கானிக் மட்டம் என்கிறார் விற்றவர். யாரை நம்புவது? – மதுரை வாசகர்

பதில்: சோதித்துப் பார்க்கும்வரை இருவரையும் நம்ப வேண்டாம். உங்கள் 1,489 சி.சி. இன்ஜினில் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேறு வண்டிகளின் பழக்கத்தில் ஒயர்களை வலச்சுற்றாகச் செருகினால் இரண்டும் மூன்றும் இடம் மாறிவிடும். ஒன்றும் நான்கும் மட்டும் ஒழுங்காக எரியும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே இதுதான்.

ராக்கர் கவரைக் கழற்றி, கிராங்க் புல்லியின் வெட்டை டைமிங் கவரின் முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் அப்போது சற்றே அசையும் நிலையில் இருந்தால், ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று பொருள். ரோட்டார் இப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பில் எந்த முனையை நோக்குகிறதோ, அங்கேதான் ஒன்றாம் ப்ளக்கின் ஒயர் வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பல் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதால் அதைத் தலைகீழாகச் செருக முடியாது; ஆனால் இன்ஜினுக்குள் இருக்கும் டிரைவ் ஷாஃப்டை முன்பு யாராவது கழற்றித் தவறாக இறக்கியிருந்தால், ரோட்டார் எதிர்ப்பக்கம் நோக்கும்.

பாயிண்ட் (மின்னோட்டத்தைத் துண்டித்து ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனைகள்) இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் முதலில் வையுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் விழும் நேரமும், மாறும் என்பதால் டைமிங் வேலை அதற்குப் பின்னரே. புல்லியை உங்கள் கையேடு சொல்லும் டிகிரிக்குத் திருப்பி, பாயிண்ட் ஒயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டுங்கள். இக்னிஷனைப் போட்டுக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெதுவாகத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் கிளாம்பை இறுக்குங்கள். இத்தனைக்குப் பிறகும் ஓடவில்லையென்றால் விற்றவரிடம் பேசலாம்.

கேள்வி: மற்ற கடைகளின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டர் தருகிறார், பில் மட்டும் கிடையாது என்கிறார். வாங்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினேன். சமவெளியில் நன்றாக ஓடுகிறது. ஊட்டி ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறது. டைமிங்கைக் குறைத்தால் இழுவை போய்விடுகிறது. – கோவை வாசகர்

பதில்: உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த வாசகத்தின் மேல்தான். இன்ஜின் வேகம் கூடக்கூட ஸ்பார்க் இன்னும் முன்னதாக விழ வேண்டும். அதைச் செய்பவை உள்ளே இருக்கும் இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிக்கும்போது இன்ஜினின் உறிஞ்சலால் இயங்கும் வேக்குவம் யூனிட்டும் சேர்ந்துகொள்ளும். எந்த இன்ஜினுக்கு ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழ வேண்டும் என்பது கம்ப்ரஷனையும் கேம்ஷாஃப்டையும் பொறுத்தது. அதனால்தான் லூகாஸ் நிறுவனம் ஒரே 25டி4 மாடல் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குள் வெவ்வேறு ஸ்பிரிங்குகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணை உடலில் பொறித்தது. அந்த எண்ணைச் சொல்லாமல் விற்பவர் டிஸ்ட்ரிபியூட்டரை விற்கவில்லை. அதன் கூட்டை விற்கிறார். துளையில் இறங்குவதையே பொருத்தம் என்று எண்ணும் இந்தக் கூட்டம் எப்போது திருந்துமோ!

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எறிந்திருக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் புஷ் மாற்றலாம். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சும்போது உள்தகடு நகரவில்லையென்றால் அந்த யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: ரோட்டாரில் என்ன பெரிய வித்தியாசம்? மலிவானதே போதாதா? – திருச்சி வாசகர்

பதில்: மலிவு ரோட்டார்களை நானும் மொத்தமாக வாங்கியவன்தான். பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் ஷாஃப்டுக்கு மிக அருகில் இறங்கியிருந்ததால், இன்ஜின் சூடானதும் ஸ்பார்க் ப்ளக்குக்குப் போகாமல் ஷாஃப்டுக்குப் பாய்ந்தது. அவை இன்னும் டப்பாவில் கிடக்கின்றன, வேண்டுமானால் தருகிறேன்.

கேள்வி: எனது ஆஸ்டின் ஏ40 காருக்குப் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் மாட்யூல் வாங்கினேன், இக்னிஷனைப் போட்டவுடன் கருகியது. பெட்டியில் எச்சரிக்கை எதுவுமில்லை. – யாழ்ப்பாண வாசகர்

பதில்: மிகவும் வருந்துகிறேன், இது உங்கள் பிழையன்று. அக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய மாட்யூல்களில் பெரும்பாலானவை எதிர்முனை இணைப்புக்கு உரியவை. ஏ40-க்கு என்று சொல்லி விற்றவர் அதைக் கேட்டறிந்திருக்க வேண்டும். கருகியதை எறியாமல், பெட்டியோடும் ரசீதோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள். அவர்களின் எண் 1977.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டரை இப்போதுதான் பிரித்தேன், கேப் விரிசலாக இருக்கிறது. பில் தொலைந்துவிட்டது. வழக்குப் போடலாமா? – நெல்லை வாசகர்

பதில்: நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள்தான் கெடு, தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுமென்றால் தக்க காரணம் காட்ட வேண்டும். பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டேன் என்பதைக் காரணமாக ஏற்பார்கள் என எதிர்பார்க்க வேண்டாம். புதிய கேப் வாங்குங்கள். கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.