1 ஏன் பகா எண் இல்லை? 91 பகா எண்ணா?

"1-ஐ 1-ஆலும் அதே எண்ணாலும்தானே வகுக்க முடியும், அப்புறம் ஏன் அது பகா எண் இல்லை?" என்பது உங்கள் முதல் கேள்வி. நியாயமான சந்தேகம்தான். 1742-இல் கணித மேதை ஆய்லருக்குக் கடிதம் எழுதிய கணிதவியலாளர் கோல்ட்பாக்கே 1-ஐப் பகா எண்ணாகத்தான் வைத்திருந்தார்.

இன்றைய வரையறைப்படி பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும். 7-க்கு 1, 7. 1-க்கு இருப்பதோ ஒன்றே ஒன்று.

சரி, வரையறையை ஏன் இப்படி வைத்தார்கள்? 60-ஐ உடைத்துப் பாருங்கள். 6×10 என்று தொடங்கினாலும் சரி, 4×15 என்று தொடங்கினாலும் சரி, கடைசியில் 2, 2, 3, 5 என்ற அதே நான்கு பகா எண்கள்தான் கிடைக்கும். வரிசை மட்டும் மாறலாம். எண் கணிதத்தின் அடித்தளமே இதுதான். 1-ஐயும் பகா எண்ணாகச் சேர்த்தால் 1×2×2×3×5, 1×1×2×2×3×5 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். தேற்றத்துக்குத் தேற்றம் "1 நீங்கலாக" என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்கு 1-ஐ வெளியே நிறுத்துவதே மேல். அது பகு எண்ணும் இல்லை, தனி ரகம்.

அடுத்து 91. பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், நானும் ஏமாந்திருக்கிறேன். ஆனால் அது 7×13. ஓர் எண்ணைச் சோதிக்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு காரணிகளுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கற்பலன் அந்த எண்ணைத் தாண்டிவிடுமே! 97-இன் வர்க்கமூலம் 10-ஐவிடக் குறைவு, அதனால் 2, 3, 5, 7 மட்டும் பார்த்தால் போதும். நான்கில் எதுவும் வகுக்காது, ஆகவே 97 பகா எண்.