எலும்பில்லாமல் சத்தான சூப் சாறு: கேள்வி பதில்

பால், இறைச்சி எதுவும் சேராத வீகன் சூப் சாறு வைப்பது பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: காய்கறித் தோல், காம்பு, தண்டு எல்லாம் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். கசக்கிறது, ஒரு மாதிரி வாடையும் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: முதல் தப்பு அந்த மூன்று மணி நேரம். எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாக மாற அவ்வளவு நேரம் வேண்டும். காய்கறியில் கரைய அப்படி எதுவும் கிடையாது. வெங்காயம், கேரட், செலரி எல்லாம் முக்கால் மணி நேரத்தில் தங்களிடம் இருப்பதைக் கொடுத்துவிடும். அதற்குமேல் வாசனை ஆவியோடு போகும், கசப்புதான் மிஞ்சும். தளதளவென்று கொதிக்கவும் விடாதீர்கள். ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி மெல்ல எழுந்தால் போதும்.

வாடைக்குக் காரணம் அநேகமாக முட்டைகோஸ், காலிஃபிளவர், புரொக்கோலித் தண்டு. நேரம் ஆக ஆக இவற்றிலிருந்து கந்தக நெடி கிளம்பும். உருளைக்கிழங்குத் தோல் சாற்றைக் கலங்க வைக்கும். பச்சை பிடித்த தோலில் சோலனின் என்ற நச்சு இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். குப்பைக்குப் போக வேண்டியதெல்லாம் பானைக்குப் போனால் அந்த ருசிதான் வரும். வெங்காயத்தின் பழுப்புத் தோலை மட்டும் நன்றாகக் கழுவி ஒன்றிரண்டு போடுங்கள், நல்ல பொன்னிறம் கிடைக்கும்.

கேள்வி: எலும்பு சூப்புக்கு இது ஈடாகுமா? சத்து என்னதான் இருக்கிறது?

பதில்: வடிகட்டிய காய்கறிச் சாற்றில் பொட்டாசியம், கொஞ்சம் மெக்னீசியம், நீரில் கரையும் பி வைட்டமின்கள் சிறிதளவு இருக்கும். புரதம் ஒரு கோப்பைக்கு ஒரு கிராம் தேறுவதே கஷ்டம். செடியில் கொலாஜன் கிடையாது. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். நம் உடம்பு புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களையும் வைட்டமின் சி-யையும் வைத்துத் தானே கொலாஜன் செய்துகொள்கிறது. அந்த அமினோ அமிலங்களுக்குத்தான் நாம் வழி பண்ண வேண்டும்.

அதனால் நான் எப்போதும் மைசூர்ப் பருப்பு சேர்ப்பேன். 100 கிராம் பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒன்றரை லிட்டர் சாற்றில் அது குழைய வெந்து கரைந்தால், ஆறு கிண்ணமாகப் பிரிக்கும்போது கிண்ணத்துக்கு நாலு கிராம் வரும். ஆனால் வடிகட்டக் கூடாது. வடிகட்டினால் சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: நீங்கள் வைக்கும் முறையை அப்படியே சொல்லுங்களேன்.

பதில்: முதல் நாள் இரவு ஐந்தாறு உலர்ந்த ஷிடாகே காளானை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் இரண்டு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெய் இல்லாத கனமான பானையில் வைப்பேன். அசைக்கவே மாட்டேன். அடிப்பக்கம் கரும்பழுப்பாகி இனிப்பு வாசனை வரும்போது எடுத்து வைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் ஒரு ஸ்பூன் தக்காளி பேஸ்ட்டை வதக்குவேன். சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகி, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சாறு கடைசிவரை பச்சைத் தக்காளி போலவே மணக்கும்.

பிறகு காளான் ஊறிய தண்ணீர். அடியில் மண் தங்கியிருக்கும், கடைசி இரண்டு ஸ்பூனை விட்டுவிடுங்கள். காளான், வெங்காயம், கேரட், பூண்டு, மிளகு, கழுவிய பருப்பு போட்டுச் சிறுதீயில் முக்கால் மணி நேரம். பூண்டையும் வெங்காயத்தையும் பருப்போடு சேர்த்து அரைத்துவிடுவேன். இறக்கியபின் எலுமிச்சை பிழிவேன். பருப்பில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சி உதவும், கொதிக்கும்போது பிழிந்தால் அதில் கொஞ்சம் வீணாகும்.

கேள்வி: காளானை வெந்நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முடியுமே?

பதில்: மெத்தென்று ஆகிவிடும், ருசி குறையும். குளிர்ந்த நீரில் ஊறி மெதுவாகச் சூடேறும்போது, 60-70 டிகிரி செல்சியஸ் வாக்கில், காளானில் உள்ள நொதிகள் குவானிலேட் என்ற ருசிப்பொருளை உண்டாக்குகின்றன. கொதிநீரை ஊற்றினால் அந்த நொதிகள் வேலை செய்யாமல் போய்விடும். கோம்பு என்ற கடற்பாசியின் ருசிக்குக் குளுட்டமேட் காரணம் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-ல் கண்டுபிடித்தார். தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. இதுவும் குவானிலேட்டும் ஒரே பானையில் சேர்ந்தால் ருசி பல மடங்காகிறது. தக்காளி பேஸ்ட்டையும் காளானையும் நான் பிரிக்காததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: கோம்பு வாங்கி வைத்திருக்கிறேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் போடலாமா?

பதில்: வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். ஒரு கிராம் கோம்பிலேயே அதைப் போலப் பத்து மடங்கு இருக்கக்கூடும். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். தைராய்டு கோளாறு இல்லாதவர்களுக்கும் தினசரிப் பழக்கமாக நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: உப்பு எப்போது?

பதில்: கடைசியில். சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறும். மிசோ என்ற புளித்த சோயா விழுதைச் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு.

கேள்வி: அக்கா, அம்மா காய்ச்சலில் இருந்து எழுந்து ஒரு வாரம் ஆகிறது. சாப்பாடு இறங்கவில்லை. தெளிந்த சாறு மட்டும் குடிக்கிறார். அது போதுமா?

பதில்: போதாதும்மா. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா படுத்திருந்தபோது கண்ணாடி மாதிரி தெளிந்த சாறு வைத்துப் பத்து நாள் கொடுத்தேன். அவரும் விரும்பிக் குடித்தார், நானும் தெம்பு வரும் என்று நம்பினேன். உணவு ஆலோசகர் வந்து பார்த்து, "இதில் மாவுச்சத்து எங்கே, புரதம் எங்கே, கொழுப்பு எங்கே?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அப்பாவின் மணிக்கட்டு அதற்குள் எவ்வளவு மெலிந்திருந்தது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பருப்பை நன்றாக அரைத்து, ஒரு ஸ்பூன் முந்திரி விழுதோ எள் விழுதோ கலந்து, அரை கோப்பையாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். ஒரே நேரத்தில் பெரிய கிண்ணத்தை நீட்டினால் பார்த்ததுமே வேண்டாம் என்பார். ஒரு வாரம் ஆகிவிட்டதால் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியம் பற்றி முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தச் சாறே.

கேள்வி: வைட்டமின் பி12 இதில் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மொத்தமாக வைத்துச் சேமிக்கலாமா?

பதில்: தாராளமாக. அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் டப்பாவை விளிம்புவரை நிரப்ப வேண்டாம், உறையும்போது தண்ணீர் விரியும். பருப்புச் சாறு உருகும்போது திரிந்த மாதிரி தெரியும், கரண்டியால் அடித்துக் கொதிக்கவிட்டால் சேர்ந்துவிடும்.