கொல்லிமலைக்கு எந்தக் கியர்?

கேள்வி: நாள்தோறும் நகர நெரிசலில் அலுவலகம் செல்கிறேன்; மாதம் ஒருமுறை கொல்லிமலை ஏறுவேன். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. கார் வாங்கினால் ஓட்டும் இன்பம் போய்விடுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஓரளவு குறையும் என்பதே உண்மை. இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவுடன் அறிமுகமான ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் ஓட்டுநரின் காலிலிருந்தும் கையிலிருந்தும் ஒரு கருவிக்கு மாறிவிடுகின்றன. அந்தக் கருவிக்கு எதிரே வரும் வளைவு தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் கிளட்சை மெல்ல விடும்போது, என்ஜின் ஒலி உயர்ந்து வண்டி இழுத்துக்கொண்டு ஏறும் கணத்தையே ஓட்டுதலின் பேரின்பமாக நான் கருதுகிறேன், ஏ.எம்.டி.யோ வளைவின் நடுவே தயங்கி, ஒரு குலுக்கலுடன் கியரை மாற்றக்கூடும்.

ஆயினும், மாதத்தில் ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் இடதுகால் வலிக்க ஓட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேனுவல் முறையும் உள்ள ஏ.எம்.டி.யையே வாங்குங்கள். வளைவுக்கு முன்பே நீங்களே கியரை இறக்கிவிடுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வந்தால் பிரேக் அதிகம் சூடாகாது. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கை மிதியுங்கள். ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் கருகிவிடும்.