கிளினிக் தாதியருக்குத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் ஒரு நாள் கருத்தரங்கு வைத்து, சான்றிதழைக் கையில் கொடுத்து, குரூப் போட்டோவும் எடுத்து அனுப்பிவிட்டால் இல்லை. கொழும்பில் கிளினிக் தாதியாக இருந்துகொண்டு இந்தப் பயிற்சிகளுக்கும் உதவுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பயிற்சியில் அதிக நேரம் போவது ஒரேயொரு கேள்விக்கு. ஒருவர் மிஸ்ஸி (தாதி), மற்றவர் நோயாளி என்று நடித்துப் பார்ப்போம். சீனி எவ்வளவு, பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா, நித்திரை வருகிறதா என்பதெல்லாம் கடகடவென்று வரும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் இடம் வந்ததும் கண் கிளினிக் புத்தகத்துக்குள் போய்விடும். "தப்பான யோசனை ஒன்றும் இல்லைத்தானே, அம்மா?" என்பார்கள். இப்படிக் கேட்டால் யார்தான் "இருக்கு மிஸ்ஸி" என்பார்?

"செத்துப்போனால் நல்லம் போல இருந்ததா, அம்மா? அப்படிச் செய்ய யோசித்தீர்களா?" என்று நேரடியாகக் கேட்கப் பழக்குகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பதுதான் இன்னும் கஷ்டம்.

கூட வந்த கணவரையோ மாமியாரையோ வெளியே அனுப்புவதும் ஒரு கலை. "நிறை பார்க்க வேணும், கொஞ்சம் வெளியில இருங்கோ" போதும். "பிள்ளைகளை நினைத்துப் பார்க்கவில்லையா?" என்ற ஏச்சை நிறுத்தச் சொல்கிறோம், நம்மவர்களுக்கு அது தானாக வந்துவிடும். பொலிசுக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. தற்கொலை முயற்சி இங்கே 1998 முதல் குற்றமில்லை என்பதை அவர்களிடமே சொல்லிவிடலாம்.

"ஓம்" என்று பதில் வந்தால்? தனியே விடக்கூடாது, அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் ஆபத்தானவை இருந்தால் வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். இலங்கையில் தற்கொலை வீதம் 1995க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைந்ததற்குப் பெரிய காரணமே கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததுதான்; எந்தப் பயிற்சியும் அல்ல. இரவில் யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுங்கள், 1926 மனநல உதவி இலக்கத்தையும் சேர்த்து. "இனிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கோ" என்பதில் மட்டும் பயனில்லை.

அதற்குப் பிறகு நடக்க வேண்டியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து இடங்களில் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினரோடு ஒரு மணிநேரம் பேசி, 18 மாதங்களில் 9 தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவர்களில் தற்கொலையால் இறந்தோர் 0.2 வீதம், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 வீதம். அது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்தது, கிளினிக்கில் அல்ல. ஆனாலும் "எப்படி இருக்கிறீங்க?" என்று கூப்பிட்டுக் கேட்பதை ஒரு தாதியால் செய்ய முடியாதா என்ன?

முடியும், நேரமும் தொலைபேசியும் கொடுத்தால். ஓ.பி.டி. வரிசை கேட் வரை நிற்கும்போது எந்த மிஸ்ஸி போன் எடுப்பார்? ஆகவே உங்கள் இடத்தில் பயிற்சி ஏற்பாடு செய்கிறார்கள் என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள்: மறுபடி எப்போது பயிற்சி, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அழைக்கப்போவது யார்?