பரணில் கிடந்த கேசட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். பரணிலிருந்து 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ஒன்று இறங்கியது. 1986-இல் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது. கூடவே 11 கேசட்டுகள். அவற்றில் 4 அக்காவும் நானும் பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிச் சேமித்த நிரல்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேசட்டுகளை லோடு செய்யலாமா?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் கேசட்டைப் பாருங்கள், பிறகு கம்ப்யூட்டர். ஸ்பெக்ட்ரம் லட்சக்கணக்கில் விற்ற இயந்திரம், கெட்டால் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். நீங்கள் இருவரும் எழுதியது அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. அது ஒலியாகத்தான் பதிந்திருப்பதால், அதை மீட்க ஸ்பெக்ட்ரமே வேண்டாம். ஒரு டேப் ரெக்கார்டரும் லேப்டாப்பும் போதும்.

வெள்ளைப் பூ பூஞ்சைதான். நம் மலையின் ஈரத்துக்கு இது சகஜம். அப்படியே ஓட்டினால் தூள் ரெக்கார்டரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) அப்பி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். அடுப்புக்கு மேலே வைத்து உலர்த்தாதீர்கள், கூடு நெளிந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு 2 வாரம் வையுங்கள். மழை விட்ட ஜனவரி, பிப்ரவரி இந்த வேலைக்கு நல்ல மாதங்கள்.

அதற்கு முன் ஒன்று: கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சு பசை விட்டுப் பிரிந்திருந்தால், திருகு போட்ட வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றுங்கள். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நூல் பிரியாத மெல்லிய துணி நாடாவைத் தொடும்படி பிடித்து, ஒருமுறை முழுதாகச் சுற்றித் திரும்பச் சுற்றுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

பெரும்பாலான கேசட்டுகள் தோற்பது ஹெட்டின் சாய்வில்தான். நிரல் என்பது பூஜ்யமும் ஒன்றும்தான்; ஸ்பெக்ட்ரம் பூஜ்யத்தைச் சுமார் 2047 ஹெர்ட்ஸ் அலையாகவும் ஒன்றை அதில் பாதியாகவும் எழுதுகிறது. ஹெட் சற்றே கோணினாலும் கூர்மையான ஒலி முதலில் மங்கும், பூஜ்யங்கள் தொலையும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். நாடா ஓடும்போது அதைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகும் இடத்தில் விடுங்கள். எந்தப் பகுதியைக் கேட்டுத் திருப்புவது என்பது உங்கள் காதுக்கே நினைவிருக்கும்: 5 வினாடி ஒரே சீராக ‘பீ’, ஒரு சிறு கரகரப்பு (நிரலின் பெயர் உள்ள 17 பைட் அதில்தான்), சற்று மௌனம், மறுபடி 2 வினாடி ‘பீ’, அப்புறம் நீளமான இரைச்சல். அந்த இரைச்சலில்தான் திருக வேண்டும். ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் ‘பீ’ அலையும்; பெல்ட்டை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

லேப்டாப்பில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு. டால்பியும் (ரெக்கார்டரின் இரைச்சல் குறைப்பு) லேப்டாப்பின் இரைச்சல் நீக்கமும் அணைந்திருக்கட்டும். எம்பி3 வேண்டாம். ஸ்டீரியோ ரெக்கார்டர் என்றால் இடது, வலது சேனல்களைக் கலக்காமல், தெளிவான ஒன்றை மட்டும் எடுங்கள். 5 நிமிடப் பதிவு ஏறத்தாழ 26 எம்பி வரும், உள்ளே இருப்பதோ 48 கேபிக்கும் குறைவு. ஆனாலும் வேவை அழிக்காதீர்கள். இன்று படிக்க முடியாத துண்டு நாளை வேறு நிரலுக்குப் படியலாம். ஸ்பெக்ட்ரம் போலவே லேப்டாப்பில் இயங்கும் ஃபியூஸ் எமுலேட்டரின் துணைக்கருவியான ஆடியோ2டேப், வேவை டேப் கோப்பாக மாற்றும். ஒவ்வொரு தொகுதியின் (ஒரு ‘பீ’க்குப் பின் வரும் துண்டு) கடைசி பைட்டும் சரிபார்ப்புக்கானது. அது பொருந்தினால் அந்தத் தொகுதி நல்லபடியாக வந்துவிட்டது என்று நம்பலாம்.

இனி இயந்திரம். அதற்கு 9 வோல்ட், 1.4 ஆம்பியர் வேண்டும், ஆனால் அடாப்டர் முனையின் நடு மைனஸ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பிளஸ், செருகினால் சேதம் நிச்சயம். பழைய அடாப்டரையும் மல்டிமீட்டரால் அளக்காமல் மாட்டாதீர்கள். கீழ்ப்பகுதி 16கே நினைவகச் சில்லுகளுக்கு 5, 12, மைனஸ் 5 வோல்ட் என்று மூன்று மின்னழுத்தமும் தேவை. மைனஸ் 5 விட்டுப்போனால் அவை கருகும். பலகை பார்க்கத் தெரிந்தவர் அந்த மூன்றையும் அளந்து, உலர்ந்த கண்டென்சர்களை மாற்றிய பிறகு போடுங்கள். விசைப்பலகையின் பிளாஸ்டிக் நாடா நொறுங்கும் பதத்தில் இருக்கும், மூடியைத் திறக்கும்போது வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

கேசட் அட்டைகளில் கவுண்டர் எண் (நிரல் நாடாவில் எங்கே தொடங்குகிறது என்று ரெக்கார்டர் காட்டும் எண்) எழுதியிருக்கிறீர்களா? துடைக்கும் முன் அவற்றைப் படம் எடுத்து, வேவ் கோப்புகளோடு ஒரே போல்டரில் போட்டு வையுங்கள்.