பெயர் எழுதாத சீட்டுகளில் வரும் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: நான் 12, 13 வயது மாணவர்களுக்கு உடல்நலக் கல்வி வகுப்பு எடுக்கும் ஆசிரியை. வெட்கப்படும் பிள்ளைகளும் கேட்கட்டும் என்பதற்காக, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போட ஒரு பெட்டி வைத்தேன். வந்த சீட்டுகளில் நான்கு என்னைத் தயங்க வைக்கின்றன. ‘வகுப்பில் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள், நான் மட்டும் ஏன் குட்டையாகவே இருக்கிறேன்?’, ‘முதல் மாதவிடாய் வந்து இரண்டு மாதமாகிறது, மறுபடி வரவில்லை, இது நோயா?’, ‘நான் பையன், மார்பில் கட்டிபோல இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, புற்றுநோயா?’, ‘தூக்கத்தில் உடை ஈரமாகிவிடுகிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை.’ இவற்றுக்கு எவ்வளவு தூரம் விளக்கம் தரலாம்? ஆண், பெண் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பேசலாமா? பெற்றோர் ஆட்சேபிப்பார்களோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: நான்கு சீட்டுகளும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றியவை போலத் தோன்றினாலும், எழுதிய பிள்ளைகள் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: எனக்கு நடப்பது சரியாகத்தான் நடக்கிறதா? இதற்கு ‘இந்த வயதில் இதெல்லாம் சகஜம், கவலைப்படாதே’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது பெரியவர்களின் வழக்கம். அது பொய்யான பதில் அன்று, பாதிப் பதில். எதுவரை காத்திருக்கலாம், எதைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்ற இரண்டையும், இயன்றவரை எண்களாகவே, ஒவ்வொரு பதிலிலும் சொல்லிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஓர் எண் கையில் இருந்தால் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காமலே தன் நிலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டியிருந்தால் உதவி கேட்பதற்கான காரணமும் அதற்குக் கிடைத்துவிடும்.

உயரம் பற்றிய சீட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்கான அடிப்படையும் அதில்தான் இருக்கிறது. பருவ மாற்றம் மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைபோதலாமஸ் என்னும் பகுதி, குழந்தைப் பருவம் முழுவதும் அடக்கிவைத்திருந்த ஒரு ஹார்மோனை, ஆரம்பத்தில் பெரும்பாலும் இரவுத் தூக்கத்தின்போது, விட்டுவிட்டு வெளியிடத் தொடங்குகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, பெண்ணின் சூலகங்களையும் ஆணின் விரைகளையும் தூண்டுகிறது. அவற்றிலிருந்து முறையே ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கின்றன. இந்தத் தொடக்கம் எந்த வயதில் நிகழும் என்பதைப் பரம்பரை பெருமளவு தீர்மானிக்கிறது. ஊட்டம், உடல் எடை, நீண்டகால நோய்கள் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பு; ஆண்களுக்கு அது 9 முதல் 14 வயது. ஆகவே ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் பருவ மாற்றத்தை ஏறக்குறைய முடித்திருக்க, மற்றவர் இன்னும் தொடங்கியே இராமல் இருக்கலாம். இருவருமே நலமாக இருப்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டானர் வகுத்த ஐந்து நிலைகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். உடலில் காணப்படும் மாற்றத்தை வைத்தே அந்த நிலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன, வயதை வைத்து அல்ல.

உயரத்தைப் பொறுத்தவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள கால வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதியே காட்டலாம். பருவ மாற்றத்துக்கு முன் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 செ.மீ. வளர்கிறார்கள். பெண்களுக்கு மாற்றம் தொடங்கியதுமே வளர்ச்சி வேகமெடுத்து, சுமார் 12 வயதில் ஆண்டுக்கு 8 செ.மீ. அளவை எட்டுகிறது. முதல் மாதவிடாய் வருவதற்குள் அந்த உச்ச வேகம் கடந்துபோயிருக்கும். அதன் பிறகு மொத்தமாகவே சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வரையே கூடும். ஆண்களுக்கோ வேக வளர்ச்சி பருவ மாற்றத்தின் நடுப்பகுதிக்குப் பிறகே வருகிறது. உச்ச வேகம் சுமார் 14 வயதில், ஆண்டுக்கு 9 அல்லது 10 செ.மீ. வரை. எனவே 13 வயதில் வகுப்பிலேயே குட்டையாக நிற்கும் பையன் பெரும்பாலும் பின்தங்கியவன் அல்லன், அவனுடைய முறை இன்னும் வரவில்லை. மீசையோ குரல் மாற்றமோ வரவில்லையே என்று அவன் ஏங்கக்கூடும். ஆனால் ஆண்களிடம் முதல் அறிகுறி விரைகள் பெரிதாவதுதான், மற்றவை பின்னரே வரும். தந்தையோ தாயோ தாமதமாக வளர்ந்தவராக இருந்தால் பிள்ளையும் அப்படியே இருக்க வாய்ப்பு மிகுதி.

எல்லை எங்கே என்றால், 14 வயது முடிந்தும் விரைகள் பெரிதாகாத ஆணும், 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண்ணும், வேக வளர்ச்சியை இன்னும் கடக்காத நிலையில் ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளராத எந்தப் பிள்ளையும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுபுறத்தில், 8 வயதுக்கு முன் பெண்ணுக்கோ 9 வயதுக்கு முன் ஆணுக்கோ மாற்றம் தொடங்கினாலும் பார்க்க வேண்டும். எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொண்டு இறுதி உயரம் குறைய அதில் வாய்ப்பிருக்கிறது. மருத்துவர் பெரும்பாலும் இடக்கையின் எக்ஸ்-ரேயைப் பார்த்து எலும்பின் வயதைக் கணிப்பார். அது வலியில்லாத சோதனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்துவைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தினால், நண்பனோடு ஒப்பிடுவதை விட்டுத் தன் பழைய அளவோடு ஒப்பிடக் கற்றுக்கொள்வார்கள். உயரம் கூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் பற்றி யாரேனும் கேட்டால் சுற்றிவளைக்காமல் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.

மாதவிடாய்ச் சீட்டை எழுதிய பெண்ணுக்கு நேரடியான பதில்: இரண்டு மாத இடைவெளி இப்போதைக்கு நோயின் அடையாளம் இல்லை. மார்பு வளர்ச்சி தொடங்கிச் சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருகிறது. பெரும்பாலோருக்கு அது 12, 13 வயது. ஆனால் மூளைக்கும் சூலகத்துக்கும் இடையிலான ஹார்மோன் பரிமாற்றம் அதற்குள் ஒழுங்குக்கு வந்திருக்காது. முதல் ஓரிரு ஆண்டுகளில் பல மாதங்கள் கருமுட்டை வெளிப்படாமலே கழியும். கருமுட்டை வெளிப்படாத மாதத்தில், கருப்பையின் உட்படலத்தை நிலைநிறுத்தும் புரோஜெஸ்டிரான் போதிய அளவு சுரக்காது. அதனால் அந்தப் படலம் எப்போது உதிரும், எவ்வளவு உதிரும் என்பது முன்பின்னாகிறது. இந்த வயதில் ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 21 முதல் 45 நாள் ஆகலாம், முதல் ஆண்டில் சில முறை இன்னும் தள்ளிப்போகலாம். 28 நாள் என்று பாடநூலில் படித்துவிட்டு அஞ்சும் பெண்களுக்கு இந்த எண்கள் தெரிய வேண்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு, அதாவது 90 நாளுக்கு மேல் ஒருமுறை வராமல் இருந்தாலும், 15 வயதாகியும் அல்லது மார்பு வளர்ச்சி தொடங்கி மூன்று ஆண்டாகியும் முதல் மாதவிடாயே வராவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

இடைவெளியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மிகுதியான உதிரப்போக்கும் வலியும்தான், ஏனெனில் அவற்றைப் பற்றிச் சீட்டு வருவதே அரிது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பெண்கள் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதுமாக நனைந்தாலோ, தலைசுற்றல், களைப்பு, மூச்சிரைப்பு சேர்ந்துகொண்டாலோ அது இயல்பான அளவன்று; இரும்புச்சத்துக் குறைவும், சிலரிடம் இரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடும் இப்படித்தான் வெளிப்படுகின்றன. வலிக்குக் காரணம் உட்படலத்திலிருந்து வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அது கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது. அதன் உற்பத்தியைத் தடுக்கும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அதனால்தான் பயன் தருகின்றன. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ அளவைக் கேட்டு, வலி முற்றுவதற்கு முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. வெந்நீர்ப் பை ஒத்தடமும் நன்றாகவே உதவும். மருந்துக்குப் பிறகும் மாதந்தோறும் பள்ளிக்கு வர முடியாத அளவுக்கு வலித்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வெள்ளைப்படுதல் இருக்கலாம்; துர்நாற்றமோ அரிப்போ இல்லாதவரை அதற்கு மருந்து தேவையில்லை.

மார்பில் கட்டி என்று எழுதிய பையனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் புற்றுநோய் அன்று. இந்த வயது ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ வருவதே இல்லை. ஆண் உடலிலும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. பருவ மாற்றத்தின் நடுவே ஹார்மோன்களின் விகிதம் சிறிது காலம் மாறுபடும்போது காம்புக்கு அடியில் நாணயம்போல் ஒரு கெட்டியான பகுதி உருவாகி, தொட்டால் வலிக்கும். பருவ மாற்றத்தைக் கடக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானே மறைந்துவிடுகிறது. மிகவும் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் கசிந்தாலோ, இரண்டு ஆண்டுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டட்டும்.

உடை ஈரமாவதாக வந்த சீட்டு பெரும்பாலும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதைப் பற்றியது; அதற்கு இவ்வளவு நீண்ட விளக்கம் தேவையில்லை. விரைகள் இயங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்கு வராமலே போகலாம், இரண்டும் இயல்பு. அதனால் உடல் பலம் குறையாது, நினைவாற்றல் குறையாது, எலும்பு தேயாது. இந்த அச்சத்தை மூலதனமாக வைத்து மருந்து விற்பவர்கள் இருப்பதால், இதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை அழுத்திச் சொல்லுங்கள்.

சீட்டில் வராத, ஆனால் ஆண் பிள்ளைகள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பக்க விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், அது விரை தன் நாளத்தின் மேல் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டதாக இருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பிறகு அது விரைவாகக் குறைந்துகொண்டே போகிறது. வாந்தியும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், வெட்கப்படும் பையன் ‘வயிறு வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். உடலுறுப்பின் பெயரை வகுப்பில் தயக்கமின்றிக் கேட்டுப் பழகியவனுக்கு அந்த இரவில் உண்மையைச் சொல்வது எளிதாக இருக்கும். இப்படிப்பட்ட பாடங்கள் எதற்கு என்று உங்களைக் கேட்பவர்களிடம் நீங்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டிய காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

சேர்த்து உட்காரவைப்பதா, பிரிப்பதா என்ற கேள்விக்கு, பொதுவான உடலியலை எல்லாருக்கும் ஒன்றாகவும், சந்தேகம் கேட்கும் நேரத்தைத் தேவைப்பட்டால் தனித்தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் என்றால் என்ன என்று அறிந்த பையன் கேலி செய்வது குறையும். ஆண்களின் குரல் ஏன் உடைகிறது என்று அறிந்த பெண்ணும் அப்படியே. சீட்டை அப்படியே வாசிக்காமல் உங்கள் சொற்களில் மாற்றிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் சொல்லாட்சியை வைத்தே எழுதியவரைக் கண்டுபிடித்துவிடும் கூர்மை அந்த வயதில் எல்லாரிடமும் உண்டு. யாருடைய சொந்த அனுபவத்தையும் வகுப்பில் கேட்காதீர்கள்.

பெற்றோரிடம் பாடத்தின் தலைப்புகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுவது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். இத்தகைய கல்வி பிள்ளைகளைத் தவறான வழிக்குத் தூண்டும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இது பாலுறவு நடத்தையை அதிகரிப்பதில்லை என்பதே யுனெஸ்கோ பிற ஐ.நா. அமைப்புகளுடன் சேர்ந்து 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின் முடிவும்.

கடைசியாக, இன்னும் வராத ஒரு சீட்டுக்கும் தயாராக இருங்கள். யாரோ தன்னைத் தொடுகிறார் என்றோ, கர்ப்பமாக இருப்போமோ என்று பயமாக இருக்கிறது என்றோ ஒரு பிள்ளை எழுதினால், அதை வகுப்பில் வாசிக்கவும் கூடாது, கையெழுத்தை ஒப்பிட்டு நீங்களே விசாரணை நடத்தவும் கூடாது. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவியுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் யாரிடம் அறிவிக்கச் சொல்கிறது என்பதை இப்போதே அறிந்துவையுங்கள். வகுப்புக்குப் பொதுவாக, ‘இப்படி யாருக்கேனும் நடந்தால் அது அவர்களுடைய தவறன்று, என்னிடம் தனியாக வரலாம்’ என்று சொல்லி, வர வேண்டிய இடத்தையும் நேரத்தையும் அறிவியுங்கள். எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால், உதவக்கூடியவரிடம் சொல்லியே தீருவேன் என்ற நிபந்தனையைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.