கூச்சமா, பயமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். வெளியாட்கள் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வகுப்பு ஆசிரியை ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டில் ‘பயந்தாங்கொள்ளி’ என்கிறார்கள். என் மாமியாரோ, ‘பெண்பிள்ளைக்கு அச்சமும் நாணமும் இருக்க வேண்டியதுதானே’ என்கிறார். இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றுதானா? எங்கிருந்து வந்தவை? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒன்றல்ல. உங்கள் மகளுக்கு எந்தச் சொல் பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பதிலும் பாதி தெளிந்துவிடும்.

‘கூச்சம்’ என்பதன் வேர் கூசு. வெளிச்சம் அடித்தால் கண் கூசுகிறது, குளிர்ந்தது பட்டால் பல் கூசுகிறது, உள்ளங்காலை வருடினால் உடம்பே கூசுகிறது. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: தாங்கும் அளவை மீறி ஏதோ வந்து படுகிறது, பட்ட இடம் சட்டென்று உள்வாங்குகிறது. பிறர் பார்வை படும்போது மனம் அப்படி உள்வாங்குவதையும் அதே சொல்லால் சொல்கிறோம். கூச்சப்படும் குழந்தைக்கு எதிரில் இருப்பவர் மேல் வெறுப்பும் இல்லை, அவரால் ஆபத்து என்ற எண்ணமும் இல்லை. தன்மேல் விழும் பார்வைதான் அதிகமாகிவிடுகிறது.

‘அச்சம்’ அஞ்சு என்ற வினையிலிருந்து வந்தது. நடுங்கு நடுக்கமாவதும் தயங்கு தயக்கமாவதும் எப்படியோ, அப்படித்தான் அஞ்சு அச்சமானது. நடுவில் உள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் இந்த வினை உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்வுகளில்) ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்களையும் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆளும் தலைவர்). நான்குமே வெளியே இருப்பவை. அச்சத்துக்கு ‘எதைக் கண்டு?’ என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். ‘பயம்’ வடமொழியிலிருந்து வந்து, பேச்சில் அச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. (சங்கப் பாடல்களில் வரும் ‘பயம்’ வேறு, அங்கே அதற்குப் பயன் என்று பொருள்.) ‘வெட்கம்’ வெள்கு என்ற பழைய வினையின் வழி வந்தது. நாள் + குறிப்பு நாட்குறிப்பு ஆவதைப் போன்ற மாற்றம்தான்.

உங்கள் மாமியார் சொல்வதற்குப் பழைய அடிப்படை ஒன்று உண்டு. அச்சம், நாண், மடம் (அறிந்தும் அறியாததுபோல் இருத்தல்) மூன்றையும் பெண்ணுக்கு உரியவையாகத் தொல்காப்பியம் சொல்கிறது. நான்காவதான பயிர்ப்பு (பழக்கமில்லாததிடம் தோன்றும் அருவருப்பு) பின்னால் சேர்ந்தது. ஆனால் அந்த நூற்பா இருப்பது, மறைவான காதலைப் பற்றிய களவியல் என்ற பகுதியில். காதல் பாட்டில் தலைவியை எப்படிக் காட்டுவது என்பதற்கான இலக்கணம் அது. ஏழு வயதுக் குழந்தையை வளர்ப்பதற்கான விதி அல்ல. திருக்குறளில் ‘நாணுடைமை’ 102ஆம் அதிகாரம். தகாத செயலுக்கு நாணுவதே நாணம் என்றும், அழகிய நெற்றியுடைய பெண்களின் நாணம் வேறு வகை என்றும் அதன் முதல் குறளே பிரித்துவிடுகிறது. இதை மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

இனி உங்கள் மகள். ஒன்றைக் கவனியுங்கள்: பார்ப்பவர்கள் விலகியதும் அவள் சரியாகிவிடுகிறாளா? பக்கத்து அறைக்குப் போனதும் பாட ஆரம்பித்தால் அது கூச்சம். யாரும் பார்க்காதபோதும் நாய், இருட்டு, இடி என்று ஏதோ ஒன்று அவளைத் துரத்தினால் அது அச்சம்.

கூச்சம் என்றால், பார்வையின் அளவைக் குறைத்துக் கொடுங்கள். விசேஷத்துக்குக் கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள்; ஒவ்வொருவராக வருபவர்களுக்கு அவள் பழகிக்கொள்வாள். யாராவது கேள்வி கேட்டால் நீங்கள் முந்திப் பதில் சொல்லாதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணும் வரை பொறுங்கள். வாய் திறக்கவில்லையா, தலையசைப்பே அன்றைக்குப் போதும். ‘மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு’ என்று நடுக்கூடத்தில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. எது அவளைக் கூச வைக்கிறதோ அதையே பத்து மடங்காக்குகிறோம். அவள் ஒரு வார்த்தை பேசியதும் ‘ஆகா, பேசிட்டாளே!’ என்று கைதட்டுவதும் அப்படித்தான். ‘இவ ரொம்பக் கூச்சப்படுவா’ என்று அவள் எதிரிலேயே அறிமுகம் செய்யாதீர்கள். குழந்தை அதையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும்.

அச்சம் என்றால் வழி வேறு. ஒவ்வொரு முறையும் விலகிப் போனால் அந்த நேரத்துக்கு நிம்மதி வரும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் ஓடச் சொல்லும். அதனால் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நாய் என்றால் முதலில் படம், பிறகு ஜன்னல் வழியே, பிறகு கட்டிப்போட்ட நாயைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து. பதற்றம் தணியும் வரை அதே இடத்தில் நின்றுவிட்டுத்தான் அடுத்த படி. ‘இதுக்குப் போயா பயம்?’ என்று சிரித்தால் பயம் போகாது, உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுவிடும்.

வீட்டில் தாராளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காமல் இருந்தால், அதைக் கூச்சம் என்று விட்டுவிடாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த முதல் மாதம் இதில் கணக்கில்லை. அதற்கு முன் ஆசிரியையிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இடைவேளையில் ஒரே ஒரு தோழியுடனாவது பேசுகிறாளா, அவசரத்துக்குக் கழிப்பறை போக வேண்டும் என்று சொல்கிறாளா?